சுவரைப் பார்த்துத் தொங்கிய தேக்சா

எனக்கு எண்பத்து நான்கு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். பெற்றது நான்கு, ஐந்தாவது கொழுந்தன் மகள். யார் எது என்று அவர்களே மறந்துபோகும்படி வளர்த்தேன். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் எழுதுவேன், ஆனால் எழுதியதை அழிக்க மாட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றிச் சொல்ல இல்லை. வியட்நாமில், சைகோனில் எங்கள் சந்தில் எதிர் அறையில் இருந்த ஒரு மனிதரைப் பற்றி.

அவரைச் சொல்தா என்போம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்தில் அதுதான் பெயர். அவருக்குச் சொந்தப் பெயரும் உண்டு. அதை எழுதப் போவதில்லை. பெயரைப் பார்த்தால் எங்கேயோ ஓர் அலமாரியில் அவர் ஃபைலை மறுபடி திறந்துவிடுவார்கள் என்று கடைசியில் பயந்தார். பயப்பட்டே பழகாத மனிதர் பயந்த பயம், அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும்.

பட்டாளம் என்றாலும் துப்பாக்கி பிடித்தவர் இல்லை. மகசேனில், அதாவது சாமான் கிடங்கில், பட்டியல் எழுதுகிற வேலை. அதனாலோ என்னவோ எதையும் எழுதினால் சரியாகிவிடும் என்று நம்பினார். சந்துக் குழாயில் தண்ணீர் வரவில்லையா, எழுதிப் போடுவார். ரேஷன் அரிசியில் கல்லா, எழுதிப் போடுவார். ஒரு முறை பக்கத்து வீட்டுக்காரியின் சேவல் விடியும் முன் கூவுகிறது என்று ஒருத்தன் அவரிடம் போய்க் கேலிக்குச் சொன்னான். "சேவலுக்கு எழுத முடியாது, அதோட சொந்தக்காரிக்கு எழுதலாம்" என்று நிஜமாகவே ஒரு காகிதத்தை எடுத்தார். வெளியே கிளம்பும்போது பிள்ளைகள் கத்தும்: "சொல்தா மாமா, எழுதிப் போட்டாச்சா?" அவர் நின்று, "போட்டாச்சுடா. பதில்தான் பாக்கி" என்பார். தினமும் இதே கேள்வி, இதே பதில்.

எழுத்து முத்து முத்தாக இருக்கும். பிரெஞ்சு எனக்குத் தெரியாது, ஆனால் நல்ல எழுத்து எது என்று தெரியும்.

என் வீட்டுக்காரர் ஒரு துணிக்கடையில் காவல் வேலை பார்த்தார். சைகோன் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் மார்வலியில் போய்விட்டார். நான் மிளகாயும் மல்லியும் மஞ்சளும் இடித்துக் கறித்தூள் செய்து, பென் தான் என்கிற பெரிய மார்க்கெட்டில் வியட்நாம்காரிகளுக்கு விற்றேன். அவர்கள் கோழிக்குழம்பில் போட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றி, ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். என் கை மணம் த்ருவோங் டின் தெருக் கோவில் வரைக்கும் வரும் என்று பூசாரியே சொல்வார். யாரிடமும் கை நீட்டாமல் ஐந்து பேருக்கும் சோறு போட்டேன்.

சைகோன் கைமாறுவதற்கு முந்தின வருஷம், நம்முடைய நாடும் அணுகுண்டு வெடித்துப் பார்த்துவிட்டது என்று சேதி வந்தது. கோவிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். நான்தான் வைத்தேன். வாழை இலைத் துண்டில் வைத்துச் சந்து முழுக்கக் கொடுத்து வந்தேன். சொல்தா வாசலில் நின்று இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எதுக்கு தங்கச்சி இது?"

"நம்ம ஊரும் வெடிச்சிருச்சு அண்ணே. இனிமே எவனும் நம்மள ஏறி மிதிக்க முடியாதுல்ல."

"காரைக்கால்ல உங்க தெருவுக்குத் தண்ணிக் குழாய் வந்திருச்சா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன அண்ணே?"

"எனக்கும் அதுதான் தெரியல. எழுதிக் கேக்குறேன்."

பொங்கலை வாங்கவில்லை. டெல்லிக்கு எழுதிப் போட்டார், பிரெஞ்சில். சந்தே சிரித்தது. "டெல்லியில பிரெஞ்சு யாருக்கு அண்ணே தெரியும்?" என்று நானும் சிரித்தேன். "தெரிஞ்ச ஆளைத் தேடிப் பிடிச்சாவது படிப்பாங்க. தமிழ்ல எழுதினா தேடவே மாட்டாங்க" என்றார். கோபித்துக்கொண்டு ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன். என் பொங்கலை வேண்டாம் என்றவர் அவர் ஒருத்தர்தான்.

இப்போது அந்த தேக்சாவைச் சொல்ல வேண்டும்.

அவர் அறை வாசலுக்கு மேலே, எட்டாத உயரத்தில், ஆணி அடித்து, கம்பியால் இறுக்கிக் கட்டி, ஒரு பெரிய அலுமினிய தேக்சா தொங்கும். வாய் சுவரைப் பார்த்து இருக்கும். ஆறு படி அரிசி வேகும் அதில். கோவில் திருவிழாவுக்குச் சமைக்கப் பாத்திரம் போதாமல் பூசாரி ஆள் அனுப்பினால் கொடுக்க மாட்டார். கல்யாணத்துக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டார். "சாமிக்கே கொடுக்காதவன் யாருக்குக் கொடுப்பான், கஞ்சப் பிசினாறி" என்று முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். அவர் மனைவி வியட்நாம்காரி, அருமையான மனுஷி. என் வீட்டுக்காரருக்கு முன்னாலேயே தொண்டையில் கட்டி வந்து செத்துப் போயிருந்தாள். அவள் ஆண்ட பாத்திரம், அதனால் கொடுக்க மனசில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அதில் பாதி சரி.

புது ஆட்சி வந்த பிறகு சந்து சுருங்கிப் போயிற்று. மார்க்கெட்டில் சொந்தமாக விற்கக் கூடாது. மிளகாய் கிடைக்காது, கிடைத்தாலும் இடிக்கிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது. அரிசிக்கு ஒரு புத்தகம். அந்தப் புத்தகம் தொலைந்தால் மனிதனே தொலைந்த மாதிரி. அரிசியோடு போபோ என்று ஒரு தானியம் கலந்து கொடுப்பார்கள். குதிரைக்குப் போடுவது. அரை நாள் வெந்தாலும் பல்லில் நிற்கும். ஊரை விட்டுப் போக வேண்டுமானால் பிரெஞ்சு சர்க்கார் அனுப்புகிற பிளேன் லிஸ்ட்டில் பெயர் வர வேண்டும். என் வீட்டுக்காரரின் பிரெஞ்சுக் காகிதம் அவரோடேயே செத்துவிட்டது என்று பிரெஞ்சு ஆபீஸில் சொன்னார்கள். சொல்தா தன் காகிதத்தில் என்னைத் தங்கச்சி என்றும், பிள்ளைகளைத் தன் பொறுப்பு என்றும் எழுதிச் சேர்த்தார். நான் கேட்கவில்லை, அவராகவே எழுதினார். "இதுவாவது பதில் வர்ற எழுத்தா இருக்கட்டும்" என்றார். அதற்கு அப்புறம் இரண்டு வருஷம் காத்திருந்தோம்.

ரேஷன் வரிசையில் ஒரு நாள் நடந்த பேச்சு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் வட்டாரத்துப் பொறுப்பில் ஓர் அம்மா இருந்தாள், போரில் இரண்டு மகன்களைக் கொடுத்தவள். கடுமையானவள், ஆனால் எடையில் ஏமாற்ற மாட்டாள். சொல்தாவின் கையில் காகிதத்தைப் பார்த்துவிட்டு வியட்நாம் பேச்சில் கேட்டாள்: "தாத்தா, இன்றைக்கு யாருக்கு?"

"அணுகுண்டு வைத்திருக்கிற ராஜ்ஜியங்களுக்கு. வேண்டாம், கலைத்துவிடுங்கள் என்று."

அவள் சிரித்தாள். "எங்களிடம் ஒன்று இருந்திருந்தால் அமெரிக்கன் எங்கள் தலையில் இத்தனை குண்டு போட்டிருப்பானா? என் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்."

  எனக்கும் அவள் சொல்வதுதான் சரி என்று பட்டது. சொல்தா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"உன் பிள்ளைகளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை அம்மா. ஒன்று மட்டும் கேட்கிறேன். அமெரிக்கனிடம் அது இருந்ததா?"

"இருந்தது."

"இங்கே ஜெயித்தானா?"

அவள் தராசைக் கீழே வைத்தாள்.

"வைத்திருந்தவன் தோற்றுப் போனான். வைத்திராத நீ ஜெயித்தாய். ஜெயித்த நீயும் இங்கே போபோ வாங்க நிற்கிறாய். அந்தச் சாமான் யாருக்கு எதற்கு உதவியது? கிடங்கில் வேலை பார்த்தவன் நான், எனக்கு அதுதான் புரியவில்லை."

அவள் தராசை மறுபடி எடுத்தாள். பிறகு, "புத்தகத்தைக் கொடு" என்று வாங்கி, அவர் பங்கை அளந்து போட்டாள். ஒரு கைப்பிடி கூடுதலாகவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்குப் பிறகு அவரைத் தாத்தா என்று கேலியாகக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

அந்த வருஷம் சொல்தா காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதே வாரம் என் சோற்றுப் பானை அடியில் ஓட்டை விழுந்தது. போபோவை வேகவைத்து வேகவைத்துத் தேய்ந்த பானை. ஈயம் பற்ற வைக்கிறவன் ஈயம் இல்லை என்று கையை விரித்தான். ஐந்து பிள்ளைகள். எதிரே, வாசலுக்கு மேலே, ஒன்றுக்கும் உதவாமல் அந்த தேக்சா.

ஒரு முக்காலியைப் போட்டு ஏறினேன். கம்பியை முறுக்கி முறுக்கிக் கழற்றினேன். கீழே இறக்கிப் பார்த்தால் உள்ளே புதுசு மாதிரி. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். திருட்டு என்று நான் நினைக்கவில்லை. அவர் வருவதற்குள் மாட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

அவர் வந்து நின்றது ஒரு மத்தியானம். தேக்சா என் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தட்டோடு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.  அவர் துணிகூடப் பிடிக்காமல் வெறும் கையால் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கஞ்சியைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

பசிக்கிற ஊரில், பசிக்கிற பிள்ளைகளுக்கு முன்னால். நான் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். செத்துப்போன அவர் மனைவியைக்கூட இழுத்துப் பேசினேன். சின்னவள் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். அவர் உள்ளங்கை கொப்புளமாக எழும்பியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"எத்தனை நாள் தங்கச்சி?"

"எட்டு நாள். என்ன இப்ப?"

"எத்தனை வேளை?"

"ஒரு வேளைதான் கிடைக்குது. வேற எங்க இருக்கு?"

சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் சொன்னார். அல்ஜீரியாவில் பாலைவனத்தில் பிரெஞ்சுக்காரன் அணுகுண்டு வெடித்துப் பார்த்தபோது இவர் அங்கே கிடங்கில் இருந்திருக்கிறார்.

"ஒரு ஊரையே கட்டினாங்க தங்கச்சி. மணல்ல தண்ணிக்குழாய், ரொட்டி அடுப்பு, கட்டில், ஐஸ்பெட்டி. எல்லாம் ஒரு வெளிச்சத்துக்கு. நான் அந்த வெளிச்சத்தைப் பார்க்கல. முதுகு காட்டி உக்காரச் சொன்னாங்க. நான் பார்த்தது அதுக்கப்பறம் வந்த பட்டியலைத்தான். எதெதை எல்லாம் குழி தோண்டிப் புதைக்கணும்னு. குண்டுத் தூசி பட்ட சாமான், வெளிய போகக் கூடாதுன்னு. அதுல பாத்திரமும் இருந்துச்சு. அடுப்புலயே ஏத்தாத புதுப் பாத்திரம். ஊருக்கே சோறு ஆக்கலாம். என் கையால எழுதிப் புதைக்க அனுப்பினேன். ஒண்ணே ஒண்ணை மட்டும் எழுதல."

"இதுவா?"

"மனசு வரல. புதுப் பாத்திரத்தை எவனாவது புதைப்பானா? கழுவினாப் போச்சுன்னு நினைச்சேன். அவளுக்குக் கொண்டாந்து கொடுத்தேன். ஏழு வருஷம் இதுலதான் ஆக்கினா."

அவள் தொண்டையில் வந்த கட்டி எனக்கு ஞாபகம் வந்தது. 

பட்டியலில் எழுதாமல் விட்ட ஒரே சாமான் அது. அதற்காகத்தான் அந்த மனிதர் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தார் என்று எனக்கு அப்போது விளங்கியது. பத்து வருஷமாகப் பிரெஞ்சு சர்க்காருக்கு அவர் போட்ட மனு ஒன்றுதான். காசு கேட்கவில்லை. தேக்சாவை யாராவது கருவி கொண்டுவந்து சோதித்து, அவள் செத்தது அதனாலா இல்லையா என்று சொல்ல வேண்டும். சாட்சி என்றுதான் அதைக் கட்டி வைத்திருந்தார். யாரும் தெரியாமல் சமைத்துவிடக் கூடாது என்றுதான் எட்டாத உயரத்தில் மாட்டியிருந்தார்.

மனுவின் கடைசிப் பகுதியை எனக்குத் தமிழில் சொன்னார். எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. "ஐயா, எனக்குப் போர் தெரியாது, சாமான் தெரியும். கிடங்குக்கு ஒரு சாமான் வந்தால் மூன்று கேள்வி. எதற்கு உபயோகம், எப்போது தீரும், தீர்ந்தபின் மிச்சம் என்ன. அணுகுண்டு என்கிற இந்தச் சாமானை உபயோகித்தால் கேட்க ஆள் இருக்காது. உபயோகிக்காவிட்டால் காவல் போட்டுச் செலவு செய்துகொண்டே இருக்க வேண்டும், அந்தச் செலவில் எத்தனையோ வீட்டு அடுப்பு எரியும். மிச்சமோ, புதைத்தாலும் தீராது. ஆகவே இதைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

"உங்க பேரையும் சேர்த்து எழுதட்டுமா தங்கச்சி? ஆறு பேர், எட்டு நாள்னு?" என்று கேட்டார்.

நான் வேண்டாம் என்றேன். "எங்களுக்கு ஏதாவது சீக்கு இருக்குன்னு தெரிஞ்சா பிளேன்ல ஏத்த மாட்டாங்க அண்ணே. எங்க பேரை அதுல எழுதாதீங்க."

அவர் எழுதவில்லை. என்னால்தான் எழுதவில்லை.

சில மாதம் கழித்து லிஸ்ட் வேலை முடிகிற சமயம் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்தவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போன மனிதர். சொல்தாவுடைய பென்ஷன் ஃபைலில் தீராத மனு ஒன்று இருக்கிறதாம். மனு தீரும் வரை ஃபைலை மூட முடியாது, மூடாத ஃபைலை அனுப்ப முடியாது, ஃபைல் போகாமல் ஆளும் போக முடியாது. பதில் எப்போது வரும் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். வேண்டுமானால் மனுவை வாபஸ் வாங்கலாம் என்றார்.

வெளியே மரத்தடியில் நின்றோம். மோட்டார் சைக்கிள்கூட அதிகம் ஓடாத தெரு அப்போது. நான் கெஞ்சவில்லை. கெஞ்சிப் பழக்கமில்லை. ஒன்றுதான் கேட்டேன்.

"பதில் வந்தா என்ன பண்ணுவீங்க அண்ணே?"

"தெரிஞ்சுக்குவேன்."

"தெரிஞ்சு?"

அவர் சந்துப் பக்கம் பார்த்தார். "உனக்குத் தெரிய வேணாமா? உன் பிள்ளைங்களும் தின்னுச்சே."

"வேணாம்" என்றேன். அது பொய். அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்லாமல் ஐந்து பேரை அங்கிருந்து கிளப்பியிருக்க முடியாது.

உள்ளே போனார். தனக்கு எந்தக் கேள்வியும் இல்லை என்று சொந்தக் கையால் எழுத வேண்டும். அந்த முத்து எழுத்துக்காரர் எழுதியதைப் பார்த்து ஆபீஸ்காரர், படிக்க முடியவில்லை, இன்னொரு முறை எழுதுங்கள் என்றார். இரண்டாவது முறையும் கோணல்தான். மூன்றாவதை வாங்கிக்கொண்டார்கள்.

பிளேனுக்கு முன்னால் தேக்சாவை என்ன செய்வது என்று நான்கு நாள் யோசித்தோம். விட்டுவிட்டுப் போனால் அரை மணி நேரத்தில் யாராவது உலை வைப்பார்கள். பழைய சாமான்காரனிடம் போட்டால் சோலோன் பேட்டைப் பட்டறையில் உருக்கி ஐந்து பாத்திரம் ஆக்குவார்கள். ஓட்டை போட்டால் அடைப்பார்கள். புதைத்தால் அலுமினியத்துக்காகத் தோண்டுவார்கள். அந்தச் சமயம் ஊரே தோண்டிக்கொண்டிருந்தது. "பாத்தியா தங்கச்சி, செய்யறது சுலபம். இல்லாம ஆக்குறதுதான் ஆகல. ஒரு தேக்சாவுக்கே இந்தப் பாடு" என்றார். கடைசியில் வட்டாரத்து அம்மாவிடம் இரண்டு சட்டி சிமெண்ட் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தேக்சா நிறையக் குழைத்து ஊற்றி, காய்ந்த பிறகு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி, அக்கரைக்குப் போகும் படகில் வைத்து, நட்டாற்றில் இரண்டு பேருமாகத் தள்ளினோம்.

படகில் வாத்துக் கூடையோடு இருந்தவள் காறித் துப்பினாள். "பஞ்ச காலத்தில் பாத்திரத்தை ஆற்றில் எறிகிறார்கள். இந்தக் கறுப்பர்களுக்கு என்ன திமிர்."

சொல்தா அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நீ சொல்வது சரிதான் அம்மா" என்றார்.

பாரீஸில் இறங்கினோம். நான் பிள்ளைகளோடு அங்கிருந்து காரைக்கால் வந்தேன். அவர் அங்கேயே தங்கினார். ஊர் சேர்ந்ததும் எழுத்துக் கூட்டிக் கடிதம் போட்டேன், மூன்று போட்டேன். ஊருக்கெல்லாம் எழுதிய மனிதர் எனக்குப் பதில் எழுதவில்லை. அங்கே போன பிறகு அவர் பேனாவையே எடுக்கவில்லை என்று, அவர் இறந்த சேதியைக் கொண்டுவந்தவர் சொன்னார்.

என் ஐந்து பேரும் நன்றாக இருக்கிறார்கள். பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். ஆனால் இந்த நாற்பது வருஷத்தில் ஒருத்தருக்குத் தொண்டை கட்டினாலும், ஒரு நாள் காய்ச்சல் அடித்தாலும், நான் அந்த எட்டு நாளை எண்ணாமல் இருந்ததில்லை. அவர்களிடம் சொன்னதில்லை. ஆற்றில் போட்டது ஆற்றில் இல்லை, என் அடுப்பிலேயே இருக்கிறது. வெடிக்காத சாமானும் இப்படித்தான் போலிருக்கிறது, வீட்டில் இருப்பதே போதும்.

பேத்தி இந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "யாருக்கு எழுதறீங்க அப்பாயி?" என்று கேட்டாள்.  பிறகு நினைத்துக்கொண்டேன். அவர் வாபஸ் வாங்கியது அவருடைய கேள்வியை. என் கேள்வி அந்த ஃபைலில் ஏறவே இல்லை, நான்தான் ஏற விடவில்லை. ஏறாததை யார் வாபஸ் வாங்குவது. ஆறு பேர், எட்டு நாள், ஒரு வேளை. அந்தச் சாமானை வைத்திருக்கிற சர்க்கார் எல்லாவற்றுக்கும் இது போகட்டும், நம்முடையதற்கும் சேர்த்து.

இங்கே வா, கண்ணாடியைப் போட்டுக்கொள். உன் அப்பாவும் அந்தக் கஞ்சியைத் தின்றவன்தான், அந்த இடம் வரும்போது நிறுத்தாதே. முதலிலிருந்து சத்தமாகப் படி.